வீட்டுக்கு மட்டும் உறை

எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று ஒரு திமிர் உண்டு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து பல்கலைக்கழகம் வரை போனவளுக்கு அந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி? அதை மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரு மாடு முட்டிச் சாய்த்துவிட்டது. நினைத்தால் இன்றைக்கும் பஸ்ஸில் தனியாகச் சிரித்து, பக்கத்தில் இருப்பவரைப் பயப்படுத்துகிறேன்.

அப்போது நான் பதுளையில் ஓர் ஆய்வுக்கு உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். தோட்டத்துப் பெண்களிடம் எச்.ஐ.வி. பற்றியும் பாலியல் சுகாதாரம் பற்றியும் ஆபத்தான பழக்கங்கள் பற்றியும் கேட்டு எழுதும் ஆய்வு. அதை நடத்திய பேராசிரியர் ஒரு சிங்களப் பெண்மணி. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் ஏதோ கொஞ்சம் புரியும், வாசிக்கத் தெரியாது. ஆகவே ஆங்கிலத்தில் இருந்த வினாக்கொத்தைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையை நீட்டினேன்.

அந்த விஷயத்துக்கு லயத்தில் பேச்சே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் நமுனுகுலப் பக்கத்தில் "ஒன்னா இருக்குறது" என்பார்கள். குழாயடியில் குரலைத் தாழ்த்தி, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சொல்வார்கள். அதை அப்படியே அச்சில் எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. படித்தவள் எழுதியது மாதிரியே இருக்காதே! அகராதியைத் திறந்தேன். "பாலுறவு" என்று இருந்தது. அடடா, எவ்வளவு சுத்தமான சொல். யார் முகமும் சிவக்காது. நாற்பது கேள்விகளில் பாதிக்கு மேல் அதைத் தாராளமாகத் தூவிவிட்டேன்.

மேடத்துக்கு ஒரு கவலை இருந்தது. முதல் தோட்டத்துப் பதில்கள் நம்பும்படி வந்தால், ஆய்வோடு சேர்த்து இரத்தப் பரிசோதனை வண்டி தோட்டத்துக்கே வரும். வராவிட்டால் கொழும்பில் இருப்பவர்கள் தோட்டப் பகுதியை ஆய்விலிருந்தே எடுத்துவிடுவார்கள், வண்டியும் வராது. பிறகு யாருக்காவது பரிசோதனை வேண்டுமென்றால் பதுளைக்குத்தான் போகவேண்டும். அதற்கு ஒரு நாள் வேலையை விடவேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, பஸ்ஸில் ஏறும்போதே "எங்க, ஆசுபத்திரிக்கா? ஒடம்புக்கு என்னா?" என்று நாலு பேர் கேட்பார்கள்.

பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்து பேட்டி எடுத்தேன். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. ஞாயிறு என்பதால் குழந்தைகள் இல்லை. பெரியவர்கள் உட்காரும் நாற்காலியும் இல்லை. பதில் சொல்பவரும் நானும் முழங்கால் மோவாயைத் தொடும்படி குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டோம். எந்தப் பதிலைக் கேட்டாலும் முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நான் கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் பழகியிருந்தேன்.

முதலில் வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு.

"கடந்த ஆறு மாதங்களில் நீங்கள் பாலுறவு வைத்திருந்தீர்களா?"

"ஆமாங்க மிஸ். அது இல்லாம எப்பிடிக் குடும்பம் ஓடும்?"

"எத்தனை தடவை?"

"நாளைக்கு ரெண்டு தடவ. பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி ஒருக்கா, வேல விட்டு வந்து ஒருக்கா."

விடிகாலையில் எழுந்து, சமைத்து, பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்கு ஓடி, நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வருபவர். எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

"எத்தனை பேருடன்?"

அவர் விரல்விட்டு எண்ணினார். "வாத்தியாரு, கடக்கார நானா, கிளாக்கர் ஐயா. முன்ன கோயில் பூசாரிக்கும் குடுத்தோம். இப்ப அவரு வேணாம்னு நிப்பாட்டிட்டாரு."

பேனா கையிலிருந்து நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன். முகத்தையும் பிடித்துக்கொண்டேன்.

"முன்பின் தெரியாத யாருடனாவது?"

"லொறிக்காரங்கதான் மிஸ். ஆளு மாறி மாறி வர்றாங்க. யாரு எவருன்னு பாத்துக்கிட்டு இருந்தா முடியுங்களா?"

அடுத்த கேள்வி வினாக்கொத்தில் இல்லை. என் வாய் சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். "உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?"

"அவருதானே மிஸ் கொண்டுபோயி விடுறாரு!"

அடுத்தது ஆணுறை பற்றிய கேள்வி. அங்கேதான் என் கூச்சம் காலை வாரியது. "ஆண்" என்பதைப் பாதியில் விழுங்கிவிட்டு, "உறை" என்பதை மட்டும் உரக்கச் சொன்னேன். உறை பாவிப்பீர்களா?

"வீட்டுக்குன்னா உண்டுங்க. வெளிய குடுக்குறதுக்குப் போட மாட்டோம். போட்டா அவங்க வேணாம்னுருவாங்க."

இரண்டாவதாக வந்தவர், தன் வீட்டில் மாமியார்தான் அதையெல்லாம் பார்த்துக்கொள்வதாகவும், தனக்குக் கிட்டப் போனால் ஒதை விழுமோ என்று பயம் என்றும் சொன்னார். வன்முறைக் கட்டத்தில் அடையாளம் போட்டேன். மனம் கனத்தது. மாமியாரை நினைத்து இன்னும் கனத்தது.

மூன்றாவதாக வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். கேள்வியைக் கேட்டதும் கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"எனக்கு ஒருத்தர்தான் மிஸ். என் வீட்டுக்காரரு. கொழும்புல வேல. தீவாளிக்கும் சித்திரைக்கும் வருவாரு."

"உறை?"

"கேட்டுப் பாத்தேன். என்னயவே சந்தேகப்படுறியான்னு அடிச்சாரு."

எழுதிக்கொண்டேன். அவள் போகவில்லை. "மிஸ், அந்த டெஸ்ட் வண்டி நெசமாவே வருமா? போன தீவாளிக்கு வந்தப்ப அவருக்கு என்னமோ புண்ணு இருந்துச்சு. ஊசி போட்டாச்சுன்னாரு. என்னா ஊசின்னு சொல்லல. எனக்கு ஏதும் இருக்கா இல்லயான்னு தெரியணும். சித்திரைக்கு அவரு வர்றதுக்குள்ள தெரியணும். பதுளைக்குப் போனா இந்த லயத்துல இருக்க முடியாது மிஸ்."

இந்தத் தாள்கள் சரியாக இருந்தால் வண்டி கட்டாயம் வரும் என்று சொன்னேன். தாள்கள் சரியாகத்தான் இருக்கும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மொழிபெயர்த்தது நானல்லவா!

மத்தியானம் வேனில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி, காலையில் வந்த ஏழெட்டுப் பேரின் பதில்களை மேடத்துக்குச் சொன்னேன். அவர் கையில் எடுத்த கவளம் அந்தரத்திலேயே நின்றது.

"வீட்டுக்குள் பாதுகாப்பு, வெளியே இல்லையா? எல்லாரும் அப்படியா சொன்னார்கள்?"

"கிட்டத்தட்ட எல்லாரும், மேடம்."

"எல்லா ஊரிலும் இதற்கு நேர்மாறாகத்தானே இருக்கும்! கணவர்களே கொண்டுபோய் விடுகிறார்களா?"

அவர் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். இந்தத் தோட்டத்துக்கு ஒரு நாள் வண்டி போதாது, மூன்று நாள் வேண்டும் என்றார். மறுமுனையில் சம்மதித்துவிட்டார்கள். நான் பருப்புக்கறியைப் பிசைந்தபடி, என் பெயர் ஆய்வறிக்கையில் எந்த இடத்தில் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். சேமலாப நிதிப் பணத்துக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். பாலுறவு பற்றிக் கேட்டதும் கையை விரித்தார்.

"முன்ன நல்லாக் குடுத்தோம் மிஸ். இப்ப ரெண்டு மாசமா நிப்பாட்டியாச்சு. செனையா இருக்கு."

செனையா! ஆட்டுக்கும் மாட்டுக்கும் சொல்லும் சொல்லைத் தன்னைப் பற்றியே சொல்கிறாரே, பாவம், எவ்வளவு நொந்துபோயிருந்தால் இப்படிச் சொல்வார் என்று எனக்குக் கண் கலங்கியது. இந்த வயதில்! முகத்தை மாற்றாமல் கேட்டேன். "எத்தனை மாசம்?"

"ஏழு நடக்குது. போன தடவ காளக்கன்னு. இந்தத் தடவயாச்சும் கெடேரி போட்டா நல்லாருக்கும்."

பேனாவை மடியில் வைத்தேன். பிறகு மெல்லக் கேட்டேன். "அக்கா, நீங்க யாரப் பத்திச் சொல்றீங்க?"

"மாட்டப் பத்தித்தான் மிஸ். நீங்கதானே பால் ஒறவு பத்திக் கேட்டீங்க? யாருக்குப் பால் குடுக்குறோம், யாரு வாங்குறாங்கன்னு?"

வாத்தியார், கடைக்கார நானா, கிளாக்கர் ஐயா, பால் லொறி என்று எல்லாரும் என் கண் முன்னே வரிசையாக வாளியும் கையுமாக நின்றார்கள். உதைத்தது மாடு. மாமியார் பால் கறந்திருக்கிறார். உறை ஊற்றியது வீட்டுத் தயிருக்கு, விற்கிற பாலில் உறை விழுந்தால் திரிந்துபோகும், லொறிக்காரன் எப்படி எடுப்பான்? நான் சிரிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் பழகிய முகம் ஒரே அடியில் உடைந்தது. குட்டி நாற்காலி சாய்ந்து நான் தரையில் விழுந்தேன். அந்த அம்மா எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று பதறிச் சாவிக்கொத்தைத் தேடினார்.

மூச்சுத் திணறத் திணற, நான் உண்மையில் கேட்டது என்ன என்று அவர் காதில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு "அடி ஆத்தே!" என்று வெளியே ஓடினார். அவர் குழாயடியை அடைவதற்குள் செய்தி மேல் லயத்துக்குப் போய்விட்டது. காலையில் வந்த திருநீற்றுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயையோ மிஸ், நான் பூசாரிய வேற சொல்லிட்டேனே! அழிச்சுருங்க மிஸ், அவரு நல்ல மனுசன்!"

"கிளாக்கர் ஐயாவ மட்டும் அழிக்காதீங்க, நாளைக்குப் பேசிக்கிருவோம்" என்றார் இன்னொருவர்.

குழாயடியில் வாளிகள் நிறைந்து வழிந்தன. யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கே எனக்குப் பால் மிஸ் என்று பெயர் விழுந்துவிட்டது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது, ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கும் இருந்ததில்லை. எல்லாத் தாள்களையும் கிழித்துப் போடப்போகிறேன் என்று அறிவித்தேன். கைதட்டினார்கள்.

வேனை நோக்கி நடந்தபோது பின்னாலேயே யாரோ வந்தார்கள். மூன்றாவதாக வந்தவள். குழாயடியில் அவளும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

"மிஸ், நான் பாலப் பத்திச் சொல்லல."

நான் நின்றுவிட்டேன்.

"எங்கிட்ட மாடே இல்ல. ஓ.எல். பரீட்சை வரைக்கும் படிச்சேன். சுகாதாரப் புத்தகத்துல அந்தப் பாடத்த மட்டும் டீச்சர் நடத்தாம விட்டுட்டாங்க. அதான் வீட்டுல தனியா வாசிச்சேன். அந்தச் சொல்லு எனக்குத் தெரியும். என் தாளக் கிழிச்சுறாதீங்க."

எனக்கு வெட்கம் வந்தது. சொல்லைத் தப்பாகப் போட்டதற்கல்ல. அத்தனை பதில்களுக்கு நடுவில் ஒரு பெண் வாயைத் திறந்து நிஜத்தைச் சொல்லியிருக்கிறாள், அதையும் சேர்த்துக் கிழிக்கப்போனேனே என்பதற்குத்தான்.

இனி மேடத்திடம் என்ன சொல்வது? வேனுக்கும் எனக்கும் இடையில் ஐம்பது அடிதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்று நாள் வண்டி உறுதி. அவளுக்குச் சித்திரைக்குள் விடை தெரிந்துவிடும். உண்மையைச் சொன்னால் ஆய்வில் தோட்டமே இருக்காது, வண்டியும் இல்லை. சொல்லாமல் விட்டால் இந்தப் பெண்கள் ஓர் அறிக்கையில் என்னவாக எழுதப்படுவார்கள்? வாளி தூக்கியவர்களை நானே என் கையால் அப்படி எழுதிவைத்திருக்கிறேன். தோட்டத்துக்காரிகளைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் பேசுவது போதாதென்று, லயத்தில் பிறந்தவள் கையெழுத்தும் அதன் கீழே இருக்கவேண்டுமா? ஐம்பது அடியை நான் மிக மெதுவாக நடந்தேன்.

சொன்னேன். சிங்களத்தில் பாலுக்குக் "கிரி" என்று சொல்வார்களே, அதைக் காட்டி விளக்கினேன். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். ஒரு விக்கல் மாதிரிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், மனுஷி முன் இருக்கையில் நெற்றியை முட்டுக்கொடுத்து, கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். "மாமியார்... உதை..." என்பதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. டிரைவர் இறங்கிப் போய் டீ வாங்கிவந்தார்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "நிஜமாகப் பதில் சொன்னவர் ஒருவர்கூட இல்லையா?"

"ஒருத்தர் இருக்கிறார். யாரென்று சொல்லமாட்டேன்."

"சொல்லவே கூடாது." கொழும்புக்குத் திரும்பத் தொலைபேசி எடுத்தார். இந்த முறை ஏச்சு வாங்கியது அவர். கேள்விகள் பிழை, பெண்கள் பிழையில்லை, மறுபடியும் கேட்போம், பிழை என்னுடையது என்று மூன்று தடவை சொன்னார். என் பெயரை எடுக்கவேயில்லை. கடைசியில் மூன்று நாள் ஒரு நாளாகச் சுருங்கியது. ஒரு நாள் வண்டி வரும், சித்திரைக்கு முன்பே வரும் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு மேடமும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து என் தமிழைத் திருத்தினார்கள். பாலுறவை எடுத்துவிட்டு "ஒன்னா இருக்குறது" என்று போட்டோம். உறைக்கு என்ன போடுவது என்று நான் இழுத்தேன்.

"கொண்டம்னே போடுங்க மிஸ். டிவியிலயே சொல்றாங்கல்ல? உறைன்னா எங்களுக்குத் தயிருதான் ஞாபகம் வருது."

அவர்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று நான் வெட்கப்பட்டதெல்லாம் வீண். மறுபடி பேட்டி எடுத்தபோது பதில்கள் சின்னச் சின்னதாக வந்தன. சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்கள். வாத்தியாரும் பூசாரியும் ஒரு தாளிலும் வரவில்லை. கிளாக்கர் ஐயா பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

வண்டி வந்த அன்று தோட்டமே திருவிழாவுக்குக் கிளம்பியது போல் வந்தது. பால் மிஸ்ஸின் வண்டி என்று கேள்விப்பட்டுப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வந்தார்கள். பவுடர் பூசி, பூ வைத்து, பட்டுச்சேலையில்கூட ஒருவர் வந்திருந்தார். இரத்தம் எடுக்கப் பட்டு எதற்கு என்று கேட்டதற்கு, "மொதல் தடவ இல்லயா மிஸ்?" என்றார். அந்தக் கூட்டத்தில் அவளும் நின்றாள். நீ எதற்கு வந்தாய் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும்தான் வந்திருந்தார்களே!

உள்ளே போய், காத்திருந்து, முடிவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நேரே என்னிடம் வந்தாள்.

"ஒன்னும் இல்லயாம் மிஸ்."

சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி சிரித்தாள். எனக்கும் அப்படியே ஆயிற்று. நாங்கள் கையைக் கோத்துக்கொண்டு சின்னப்பிள்ளைகள் மாதிரி அந்த இடத்திலேயே குதித்தோம்.

"சித்திரைக்கு அவரு வரட்டும். நீயும் டெஸ்ட் எடுத்துட்டு வா, அப்பறம் ஒன்னா இருக்குறதப் பத்திப் பேசுவோம்னு சொல்லப்போறேன்."

"அடிச்சா?"

"கத்துவேன். மேல் லயம் கீழ் லயம் எல்லாம் வரும். இத்தன நாளு கத்தாம இருந்ததுதான் தப்பு." முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்க எடுத்தாச்சா மிஸ்?"

"நானா? எனக்கு எதுக்கு?"

சொன்ன பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் கணவர் வேன் ஓட்டுகிறார். எல்ல என்ற சுற்றுலா ஊருக்கு வரும் வெள்ளைக்காரர்களைக் கொழும்புக்கும் கடற்கரைகளுக்கும் கூட்டிப்போவார். வாரத்தில் நாலு நாள் வெளியே. நல்ல மனுஷன், எனக்கு அவர்மேல் உயிர். தோட்டத்துப் பெண்களிடமெல்லாம் நாற்பது கேள்வி கேட்டுத் திரிந்தவள், வீட்டில் அவரிடம் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

அவள் என் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தினாள், அவ்வளவுதான். "பால் மிஸ்ஸும் எடுக்குறாங்க டோய்!" என்று யாரோ கத்தினார்கள். பின்னாலிருந்து தள்ளியே என்னை வண்டிக்குள் ஏற்றிவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஏறினேன்.

உள்ளே பண்டாரவளையிலிருந்து வந்த தாதி இருந்தார், காலையில் என்னோடு டீ குடித்தவர். என்னைத் தெரியாதவர் போல வினாக்கொத்தை எடுத்து, நாங்கள் திருத்திய தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டார். வயதைச் சொன்னேன். கல்யாணமான வருடத்தைச் சொன்னேன். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒங்க வீட்டுக்காரர் வேற யாரோடயாவது ஒன்னா இருந்திருக்காரா? ஆமா, இல்ல, தெரியாது. மூணுல ஒன்னு சொல்லுங்க."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரியாது" என்றேன்.